வேலூரில் விளம்பரப் பலகைகளை முறைப்படுத்தக் கோருவது எப்படி

விளம்பரப் பலகை பற்றிய பேச்சு நம் ஊரில் எழும்போதெல்லாம் ஒரே தடத்தில் போய் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. எங்கோ ஒரு பலகை சரிந்து உயிர் போனால் இரண்டு நாள் லாரி ஓடிப் பேனர்களை அவிழ்க்கும். மூன்றாம் வாரம் யாரோ ஒருவர் வீட்டுக் காதணி விழாவுக்காக அதே கம்பத்தில் புதிதாக ஒன்று கட்டப்படும். மாமன்றத்திலும் தெருமுனையிலும் வாதம் "வேண்டுமா, வேண்டாமா" என்பதையே சுற்றி வருவதால், பலகை வைத்தவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை வருவதில்லை. ஒரு பலகையை அசைக்க மூன்று கேள்விகள் போதும் என்பது என் அனுபவம். அது யாருடைய நிலத்தில் நிற்கிறது, எந்த அனுமதி எண்ணில் நிற்கிறது, எந்தத் தேதி வரை நிற்கலாம்? இந்த மூன்றுக்கும் விடை தேடுவதையும், கிடைத்த விடையைப் பகுதி சபையிலும் (வார்டு மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) மாநகராட்சியிலும் முன்வைப்பதையும் பற்றித்தான் இந்த வழிகாட்டி. வேலூரை வைத்து எழுதியிருக்கிறேன். ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆம்பூர், குடியாத்தம் வாசகர்கள் மாநகராட்சி என்ற இடத்தில் நகராட்சி என்று படித்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்தும்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"பேனர் பிரச்சினை" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பொருள்கள் கிடக்கின்றன. முதலாவது, இரும்புச் சட்டத்தின் மேல் நிலையாக நிற்கும் பெரிய விளம்பரப் பலகை. நகைக்கடை, துணிக்கடை, மனைப்பிரிவு, கல்லூரிச் சேர்க்கை ஆகியவற்றின் விளம்பரங்கள் இதில் மாதக்கணக்கில் நிற்கும். ஹோர்டிங் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். இரண்டாவது, சவுக்குக் கம்பிலோ மரச் சட்டத்திலோ சில நாட்களுக்குக் கட்டப்படும் ஃபிளெக்ஸ் பேனர். திருமணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, தலைவர் வருகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, கடைக்காரர் தம் கடையின் நெற்றியில் மாட்டும் பெயர்ப் பலகை.

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் எதிர்ப்பவர், தமக்கு எதிராக ஊரில் பாதிப் பேரைத் திரட்டிவிடுகிறார். லாங்கு பஜாரில் சிறு கடை வைத்திருப்பவர் தம் பெயர்ப் பலகைக்கு ஆபத்து என்று பயந்து ஹோர்டிங் நிறுவனத்தின் பக்கம் போய் நிற்கிறார். பெண்ணின் திருமணத்துக்குப் பேனர் வைத்தவர் கட்சிக்காரரின் பக்கம் போகிறார். ஆகவே உங்கள் கோரிக்கை எந்த வகையைப் பற்றியது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கடைப் பெயர்ப் பலகைகளை, நடைபாதையில் நீட்டிக்கொண்டு தலையில் இடிப்பவை தவிர, இப்போதைக்கு விட்டுவிடலாம். சி.எம்.சி. மருத்துவமனை எதிரே வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதியிருக்கும் விடுதிப் பலகைகள், கொல்கத்தாவிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு விடியற்காலையில் வந்து இறங்குபவருக்கு உண்மையிலேயே வழிகாட்டுகின்றன. அவற்றின் மேல் பாய்வது வீண் வேலை.

நடந்து எண்ணுவது

எந்த மனுவும் எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், போக்குவரத்து குறைவாக இருக்கும்போது, ஒரே ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து நடந்து பாருங்கள். ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிரீன் சர்க்கிளிலிருந்து காட்பாடி செல்லும் சாலையில் பாலாற்றுப் பாலம் வரை, அல்லது மக்கான் முனையிலிருந்து பழைய பேருந்து நிலையம் வரை என்று எல்லை வகுத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் முடியும். துணைக்கு ஒருவர் இருப்பது நல்லது. ஒருவர் படம் எடுக்க, மற்றவர் நோட்டில் எழுதலாம்.

ஒவ்வொரு பலகைக்கும் எழுத வேண்டியவை இவை: அருகிலுள்ள கடை எண் அல்லது மின்கம்ப எண், சாலையின் எந்தப் பக்கம், தரையிலா மாடியிலா, தோராயமான அகல உயரம், பலகையின் கீழ் விளிம்பில் அனுமதி எண்ணும் காலமும் அச்சிடப்பட்டுள்ளனவா, விளம்பர நிறுவனத்தின் பெயர் உள்ளதா, சாலைச் சந்திப்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது. அளவெடுக்க ஏணி தேவையில்லை. மாடிக் கட்டடத்தின் ஒரு தளம் ஏறத்தாழ பத்து அடி என்று வைத்துக்கொண்டு கண்ணால் மதிப்பிட்டால் போதும். மனுவில் "சுமார்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் காலடியால் அல்லாமல் அளவு நாடாவால் எடுங்கள், ஏனென்றால் பின்னால் வாதம் முழுவதும் அந்த எண்ணில்தான் நிற்கும்.

படம் எடுக்கும்போது பலகையை மட்டும் நெருக்கமாக எடுப்பது வழக்கமான தவறு. பலகை, அதைத் தாங்கும் சட்டம், பக்கத்தில் அடையாளம் காணத்தக்க ஒரு கட்டடம், கீழே சாலை ஆகிய நான்கும் ஒரே சட்டகத்தில் வர வேண்டும். போக்குவரத்து விளக்கையோ வழிகாட்டிப் பலகையையோ அது மறைத்தால், வண்டியோட்டி வரும் திசையிலிருந்து அவர் கண் உயரத்தில் இன்னொரு படம் எடுங்கள். படத்தில் யாருடைய முகமும் தெளிவாக விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் நிற்கும் பலகையைப் பற்றி அந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "அண்ணே, மேல இருக்கற போர்டு யாரு வச்சது, கட்டடக்காரருக்கு வாடகை எதுனா தர்றாங்களா?" என்று இயல்பாகக் கேட்டால், எந்த நிறுவனம், எத்தனை வருடம், மழைக்காலத்தில் சட்டத்திலிருந்து நீர் இறங்கிக் கூரை ஒழுகுவது வரை பல விவரங்கள் தேநீர் ஆறுவதற்குள் கிடைத்துவிடும். பலகைக்கு நேர் கீழே நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அவரை எதிரியாக நினைத்து ஒதுக்காதீர்கள்.

என் முதல் மனு திரும்பி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். "சாலை முழுவதும் பேனர்கள் மலிந்து மக்களுக்கு இடையூறாக உள்ளன" என்று இரண்டு பக்கம் உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, குறிப்பிட்ட இடம் தெரிவிக்கப்படாததால் நடவடிக்கை எடுக்க இயலவில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. கோபப்பட்டேன், பிறகு யோசித்தால் அந்த எழுத்தர் சொன்னதில் தவறில்லை. அடுத்த முறை ஒரே சாலையில் இருந்தவற்றை வரிசை எண், இடம், அளவு, படம் என்று அட்டவணையாகக் கொடுத்தபோது அலுவலர் ஒருவர் கையில் அந்தத் தாளுடன் சாலைக்கே வந்தார்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை நிற்கும்

தமிழ்நாட்டு மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகள் அனைத்துக்கும் பொதுவாக 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும் இப்போது பொருந்துகின்றன. உரிமம் இல்லாமல் விளம்பரப் பலகை நிறுவக்கூடாது. நிறுவினால் 3 ஆண்டு வரை சிறையோ 25,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்பது 2023இல் அரசே விளம்பரப்படுத்திய செய்தி. அந்த ஆண்டு ஜூன் 1 அன்று கோவை அருகே கருமத்தம்பட்டியில் பலகை சரிந்து அதன் மேல் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் மூவர் இறந்தனர். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டியிருந்த பேனர் விழுந்து, இருசக்கர வண்டியில் வந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது பெரிய கட்சிகள் எல்லாம் தொண்டர்கள் பேனர் வைக்கக்கூடாது என்று அறிக்கை விட்டன. அந்த அறிக்கைகளின் நகல் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வட்டச் செயலாளரிடம் பேசும்போது சட்டப் புத்தகத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

எங்கெங்கே வைக்கக்கூடாது என்பதற்கு நல்ல அளவுகோல் சென்னைக்காக 2003இல் வந்த விதிகளில் இருந்தது. கல்வி நிலையங்கள், மக்கள் பெருமளவில் கூடும் வழிபாட்டுத் தலங்கள், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனைகள், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்கள் ஆகியவற்றின் முன்னாலும், சாலைச் சந்திப்புகளில் இருபுறமும் 100 மீட்டர் வரையிலும் ஹோர்டிங் கூடாது என்பது அதன் சாரம். விளம்பர நிறுவனங்கள் அந்த விதிகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் 2008இல் தோற்றன. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வேலூரின் நடுப்பகுதியைச் சுற்றி வாருங்கள். ஐடா ஸ்கடர் சாலையில் மருத்துவமனை, கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், கோட்டைக்கு எதிரே 1806 சிப்பாய் எழுச்சியின் நினைவுத் தூண், அதற்குச் சிறிது தூரத்தில் பேருந்து நிலையம், இடையிடையே பள்ளிகள் என்று ஒன்றன் வட்டம் இன்னொன்றன் மேல் ஏறி நிற்கும். பெரிய பலகைக்குத் தகுதியான இடம் இந்தப் பகுதியில் மிகக் குறைவு என்பதை ஒரு வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டினாலே பேச்சு பாதி முடிந்துவிடும்.

கோட்டைக்குத் தனியாக ஒரு கவசம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால், தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அகழியின் கரையிலிருந்து பார்க்கும்போது மதிலுக்குப் பின்னணியாக ஒரு புதிய இரும்புச் சட்டம் எழுந்தால், மாநகராட்சிக்கு அனுப்பும் மனுவின் நகலைத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், நீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். கோயிலுக்கு 1981இல் சாமி திரும்ப வந்துவிட்டார். கோட்டையைப் பார்க்க வருபவருக்கு நாம் கொடுக்கக்கூடியது மறைப்பில்லாத ஒரு பார்வையாவது.

தற்காலிகப் பேனர்களைப் பொறுத்தவரை, அனுமதி எண், எத்தனை நாள், அச்சிட்டவர் பெயர் ஆகியவை பேனரிலேயே இருக்க வேண்டும் என்பதை 2011ஆம் ஆண்டு விதிகளும் அடுத்தடுத்து வந்த உயர் நீதிமன்ற உத்தரவுகளும் வலியுறுத்தி வந்துள்ளன. எண் இல்லாத பேனர் என்றால் விசாரிப்பதற்கே ஒன்றுமில்லை என்று பொருள். இன்னொரு வழியும் இருக்கிறது. 100 மைக்ரானுக்குக் குறைவான தடிமனுள்ள பி.வி.சி. பேனர்கள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன. கையில் எடுத்தால் மெல்லியதாக மடங்கும் மலிவுச் சரக்கைப் பற்றிச் சுகாதாரப் பிரிவுக்குத் தனியாக எழுதலாம். நகரமைப்புப் பிரிவு மெத்தனமாக இருக்கும் இடத்தில் இது பயன்படுவதுண்டு.

நிலம் யாருடையது என்று கண்டுபிடிப்பது

வேலை மிகுந்த பகுதி இதுதான்; பலரும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ஒரே சாலையில் பத்து அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு பலகைகளுக்கு வெவ்வேறு துறைகள் பொறுப்பாக இருக்கலாம். சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையின் எல்லைக்குள் நிற்பது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கவனத்துக்குரியது. நகருக்குள் வரும் முதன்மைச் சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு உரியவை. மின்கம்பத்தில் கட்டியது மின்வாரியத்துக்கு. காட்பாடி ரயில் நிலைய வளாகத்துக்குள் நிற்பது ரயில்வேக்கு. தனியார் மாடியில் நிற்பதற்கு மாநகராட்சி உரிமம் தேவை.

இந்தக் குழப்பம் எவ்வளவு கொடியது என்பதை மும்பை காட்கோபர் காட்டியது. 2024 மே 13 அன்று புயல்காற்றில் விழுந்து 17 பேரைக் கொன்ற பலகை, 120 அடிக்கு 120 அடி அளவில் இருந்தது. அந்த மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. அது நின்ற இடம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்ததால், அனுமதி கொடுத்தது யார், தடுத்திருக்க வேண்டியது யார் என்பதில் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். காட்பாடி போன்ற ஒரு பெரிய ரயில் சந்திப்பை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தக் கதை தொலைவிலுள்ளது அல்ல.

நில உரிமையை அறிய, தமிழ்நாடு அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் நகர நில அளவைப் பதிவைப் பார்க்கலாம். வார்டு, பிளாக், புல எண் தெரிந்திருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட சாலையில் இன்றைய தேதியில் செல்லுபடியாகும் விளம்பரப் பலகை உரிமங்களின் பட்டியல், ஒவ்வொன்றின் எண், அளவு, இடம், முடிவடையும் தேதி, கட்டியவர் கொடுத்த கட்டமைப்பு உறுதிச் சான்றின் நகல், காவல்துறை தடையின்மைச் சான்றின் நகல், கடந்த நிதியாண்டில் வசூலான உரிமக் கட்டணம். பதிலாக வரும் பட்டியலை உங்கள் ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு ஒப்பிடுங்கள். நோட்டில் இருந்து பட்டியலில் இல்லாதவை எத்தனை என்று எண்ணிவிட்டால், அந்த எண் உங்களுடையது. மறுப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும்.

மனு

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மற்றவை இணைப்பில் இருக்கட்டும். கீழே ஒரு மாதிரி.

பெறுநர்: ஆணையர், வேலூர் மாநகராட்சி. நகல்: மண்டல உதவி ஆணையர், மாவட்ட ஆட்சியர், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர்.

பொருள்: காட்பாடி சாலையில் உரிமப் பட்டியலில் இடம்பெறாத விளம்பரப் பலகைகளை அகற்றக் கோருதல்.

ஐயா, மேற்படி சாலையில் நேரில் கண்டறிந்த பலகைகளின் அட்டவணையும் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தங்கள் அலுவலகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அளித்த உரிமப் பட்டியலில் இவற்றுள் வரிசை எண் 3, 4, 7 ஆகியவை இல்லை. வரிசை எண் 4 சாலைச் சந்திப்பிலிருந்து 38 மீட்டரில் நின்று போக்குவரத்து விளக்கை மறைக்கிறது. இவற்றுக்கு உரிமம் இருப்பின் அதன் எண்ணையும் முடிவுத் தேதியையும் தெரிவிக்குமாறும், இல்லையெனில் தாங்கு சட்டத்துடன் சேர்த்து அகற்றி, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் "தாங்கு சட்டத்துடன் சேர்த்து" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். காரணம் கடைசியில் வருகிறது. மனுவைத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு நகலைக் கொடுத்தால், அதற்கொரு மனு எண் கிடைக்கும். சத்துவாச்சாரிக்குப் போய்ச் சேர அரை நாள் ஆனாலும் அந்த எண் மதிப்புள்ளது. போக முடியாதவர்கள் முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பகுதி சபையிலும் மாமன்றத்திலும்

2008 ஆகஸ்டில் மாநகராட்சியான வேலூரில் 60 வார்டுகள் உள்ளன. 2022 முதல் நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1 அவற்றில் ஒரு நாள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மாமன்ற உறுப்பினரை வீட்டிலோ அலுவலகத்திலோ சந்தித்து அட்டவணையைக் காட்டிவிடுங்கள். சபையில் எல்லார் முன்னிலும் முதன்முறையாகக் கேட்டு அவரைத் திணற வைத்தால் ஒரு நாள் கைத்தட்டல் கிடைக்கும், வேலை நடக்காது. "அக்கா, இந்த நாலு போர்டும் நம்ம வார்டு, ஸ்கூல் பிள்ளைங்க போற வழி" என்று தொடங்கினால் அவர் காது கொடுப்பார். மாமன்றத்தில் பொருளாக வைக்க வேண்டியவரும் அவர்தான்.

மாமன்றத்தில் எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வரும், அவற்றுள் பணம் பற்றியதுதான் வலுவானது. சரக்கு மற்றும் சேவை வரிக்காக 2016இல் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்தில், விளம்பரங்களின் மேல் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் தந்த, மாநிலப் பட்டியலின் 55ஆம் பதிவு நீக்கப்பட்டது. அதனால் உள்ளாட்சிகளுக்கு உரிமக் கட்டணமும் இட வாடகையும் முன்பைவிட முக்கியமாகிவிட்டன. வருவாய் போய்விடும் என்று அலுவலர் சொன்னால் அதை எள்ளி நகையாடாதீர்கள். உரிமம் இல்லாத பலகை மாநகராட்சிக்கு ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை என்பதையும், உரிமம் பெற்றவருக்கு அது போட்டியாக நின்று கட்டணத்தைக் குறைக்கவே வழி செய்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். குறைந்த எண்ணிக்கையில் இடங்களை வரையறுத்து, வெளிப்படையான ஏலத்தில் விட்டால் வருவாய் கூடவும் வாய்ப்புண்டு. அலுவலரும் நீங்களும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய இடம் இதுதான்.

இரண்டாவது, பிழைப்பு பற்றியது. ஃபிளெக்ஸ் அச்சகம் வைத்திருப்பவர், கம்பம் நடுபவர், லோடு வண்டிக்காரர் என்று ஒரு சங்கிலி இருக்கிறது. ஃபிளெக்ஸ் வந்தபோது சுவரில் கையால் எழுதிய ஓவியர்களின் சங்கிலி இப்படித்தான் அறுந்தது. அச்சகத்துக்காரரிடம் பேசிப் பார்த்தால், அனுமதிச் சீட்டு இல்லாமல் அச்சிடக்கூடாது என்ற விதி எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரி இருந்தால் தமக்கு மறுப்பில்லை என்பார். தாம் மறுத்தால் பக்கத்துக் கடைக்காரர் அச்சிட்டுவிடுகிறார் என்பதுதான் அவர் கவலை. திருமணம் போன்றவற்றுக்கு மண்டபத்தின் மதிலுக்குள்ளேயே பேனர் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தால் வீட்டுக்காரர்களின் எதிர்ப்பு பெருமளவு தணியும்.

மூன்றாவது, பேச்சுரிமை. வணிக விளம்பரமும் அரசியலமைப்பின் பேச்சுரிமைப் பாதுகாப்புக்குள் வருவது என்று 1995இல் டாடா பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ஊரில் ஒரு பலகையும் கூடாது என்ற தீர்மானத்தை எவரும் எளிதில் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியும். இடம், அளவு, காலம், உறுதி ஆகிய நான்கைக் கட்டுப்படுத்தும் தீர்மானம் நிலைத்து நிற்கும், 2008 தீர்ப்பே அதற்குச் சான்று. முழுத் தடை விதித்த ஊர்கள் உலகில் இல்லாமல் இல்லை. பிரேசிலின் சாவ் பாலோ 2007இல் அதைச் செய்தது. நமக்குப் பொருத்தமான முன்மாதிரியாக நான் காண்பது பிரான்சின் சிறு நகரமான கிரெனோபிளை. 2014இல் அந்த நகராட்சி விளம்பர நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டு 326 தெருப் பலகைகளை எடுத்துவிட்டு, அந்த இடங்கள் சிலவற்றில் மரம் நட்டது. உரிமத்தை இடையில் பறித்தால் இழப்பீடு, இடைக்காலத் தடை என்று வழக்கு நீளும். முடிவுத் தேதியைத் தெரிந்துகொண்டு அது வரும்வரை காத்திருந்தால் போதும். மூன்று கேள்விகளில் தேதியையும் சேர்த்ததற்குக் காரணம் இதுதான்.

காற்றுக் கணக்கு

பலகை பலமாகத்தான் இருக்கிறது என்பவருக்கு ஒரு கணக்கைச் சொல்லுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் பலகையின் மேல் அது தரும் விசை நான்கு மடங்காகும். 20 அடிக்கு 10 அடிப் பலகையின் மேல் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால், முக்கால் டன் எடைக்கும் மேற்பட்ட தள்ளுவிசை அந்தச் சட்டத்தின் மேல் விழும். சித்திரை, வைகாசி மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் திடீரென்று புழுதியோடு கிளம்பும் கோடை மழைக்காற்றை வேலூர்வாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஆண்டுதோறும் பங்குனி முடிவதற்குள் எல்லா நிலைப் பலகைகளுக்கும் கட்டமைப்புப் பொறியாளரின் புதிய சான்று வாங்கப்பட வேண்டும் என்று கோருங்கள். துருப்பிடித்த போல்ட், வெடித்த கைப்பிடிச் சுவர், ஒரு பக்கம் கிழிந்து படபடக்கும் துணி ஆகியவை தரையிலிருந்தே தெரியும்; அவற்றை உடனே படமெடுத்து அனுப்ப மனு முறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கவனச் சிதறலுக்கும் இதுபோல் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் போகிறது. இரண்டு நொடி பலகையைப் படித்தால் 28 மீட்டர் சாலையைப் பார்க்காமல் கடந்திருக்கும். படம் மாறிக்கொண்டே இருக்கும் எல்.இ.டி. பலகைகளுக்கு இது இன்னும் பொருந்தும். இரவில் ஒளியளவுக்கு உச்சவரம்பும், அசையும் காட்சிகளுக்குத் தடையும் தீர்மானத்தில் இருக்க வேண்டும்.

தீர்மானத்துக்குப் பின்

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் வேலை எளிதாகும். நடத்தை விதிகளின்படி அரசு வளாகங்களில் 24 மணி நேரத்திலும், பிற பொது இடங்களில் 48 மணி நேரத்திலும், தனியார் இடங்களில் அனுமதியற்றவை 72 மணி நேரத்திலும் அரசியல் விளம்பரங்கள் அகற்றப்பட வேண்டும். அந்த மூன்று நாளில் ஊர் எப்படி இருக்கிறது என்று அதே சாலையில், அதே இடங்களில் நின்று படம் எடுத்து வையுங்கள். முடியாது என்று பிறகு சொல்பவரிடம் காட்டலாம்.

மனுவில் தாங்கு சட்டத்தைக் குறிப்பிடச் சொன்னதற்கு வருகிறேன். அகற்றும் பணி பெரும்பாலும் துணியைக் கிழித்து இறக்குவதோடு முடிந்துவிடும். இரும்புச் சட்டம் அப்படியே நிற்கும். பத்து நாளில் அதே சட்டத்தில் வேறொரு துணி ஏறும். புதிய துணி என்பதால் உங்கள் பழைய மனு எண் பொருந்தாது என்பார்கள். எனவே அகற்றியதாகப் பதில் வந்த மறுநாளும், பதினைந்தாம் நாளும் அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சட்டம் நின்றால், அதே மனு எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டு தேதிப் படங்களையும் இணைத்து, நடவடிக்கை முழுமையடையவில்லை என்று நினைவூட்டல் கொடுங்கள். சட்டத்தை அறுத்து எடுத்திருந்தால், நடைபாதையில் துருத்தி நிற்கும் அடிக்கம்பிகளும் மூடாத குழிகளும் எஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்கு எழுத வேண்டியது பொறியியல் பிரிவுக்கு, தனி மனுவாக.